ஐந்தாம் பொறியும் கடலடி இரைச்சலும்

உயிர்களை அவை பெற்றுள்ள பொறிகளைக் கொண்டு வகைப்படுத்துவது நம் ஆகமங்களின் தொன்மையான முறையாகும். மண்ணும் நீரும் மரமும் தொடுவுணர்வு ஒன்றே உடையவை. புழுவுக்கு நாவும், எறும்புக்கு மூக்கும், வண்டுக்குக் கண்ணும் ஒவ்வொன்றாகக் கூடிவருகின்றன. செவியும் வாய்த்த உயிரே ஐம்பொறி உயிர். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இவ்வரிசையை வகுத்துரைத்துள்ளார். பாடசாலைச் சிறுவர்கள் இதனைத் தடையின்றி ஒப்புவிப்பார்கள். ஆயினும், இறுதியில் வந்து சேரும் பொறி கண்ணன்று, செவியே என்பதை நம்மில் பலர் நின்று நினைப்பதில்லை. நீரில் வாழும் மீனும் ஆமையும் திமிங்கிலமும் அந்த ஐந்தாம் பொறியைப் பெற்றவையே.

நம் இல்லங்களில் மீன் சமைப்பதில்லை. வலை வீசும் தொழிலும் நமக்கில்லை. ஆகவே கடல்வாழ் உயிர்களைப் பொறுத்தவரை நம் பேரில் நிலுவை எதுவும் இல்லை என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் கலைந்தது ஒரு பேருந்துப் பயணத்தில்.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் ஆகியவற்றைக் கடந்து பள்ளிக்கரணையை அடைந்தால், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வளாகம் தென்படும். 1993ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மைய அரசு நிறுவனம் அது. உடன் வந்த பேத்தி, கடலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கடலுக்கு ஒரு நிறுவனம் எதற்கு என்று வினவினாள். கடலைப் பற்றிப் பல ஆய்வுகள் செய்கிறார்கள், கடலின் ஓசையைக்கூடப் பதிவு செய்கிறார்கள் என்றோம். அலையோசையையா என்றாள். அலைக்கும் கீழே உள்ள ஓசையை என்றோம். அங்கே என்ன ஓசை இருக்கும் பாட்டி என்று அவள் கேட்டதற்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற நம்மால் உருப்படியான விடை சொல்ல முடியவில்லை. அதன்பின் தேடிப் படித்தவற்றையே இங்குத் தருகின்றோம்.

படிக்கப் படிக்க, விடையின் ஒரு பகுதி நமக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது விளங்கிற்று. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் நாம் சிறுமியாய் இருந்த காலத்தில், வயற்கிணற்றில் நீந்துவது கோடைகாலப் பொழுதுபோக்கு. ஒருத்தி ஒரு மூலையில் மூழ்கி இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவாள். மற்றவர்கள் எதிர்மூலையில் மூழ்கி எத்தனை தட்டு என்று எண்ணிச் சொல்ல வேண்டும். காற்றில் காதோரம் தட்டியதுபோல் அத்தனை தெளிவாகக் கேட்கும். ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்ல இயலாது. தலைக்குள்ளேயே தட்டுவது போலிருக்கும். காரணத்தைப் பிற்காலத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில்தான் அறிந்தோம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. கடல்நீரிலோ சுமார் 1,500 மீட்டர். ஆகவே அது இரு செவிகளையும் ஏறத்தாழ ஒரே கணத்தில் வந்தடைந்துவிடுகிறது. காற்றுக்கென அமைந்த நம் செவி திகைத்துப் போகிறது.

வேகம் மட்டுமன்று, தொலைவும் வியப்புக்குரியது. கடலில் 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே பகலொளி ஏறக்குறைய இல்லை. கண் பயன்படாத அவ்விருளில் ஒலி நெடுந்தொலைவு செல்லும். 1991ஆம் ஆண்டு சனவரியில், இந்துமாக் கடலின் தென்கோடியில் உள்ள ஹெர்ட் தீவின் அருகே ஒரு கப்பலிலிருந்து தாழ்ந்த சுருதியுடைய ஒலியை நீருக்குள் எழுப்பினார்கள். அவ்வொலி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு அட்லாண்டிக் கடலிலும், ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே சென்று பசிபிக் கடலிலும், அமெரிக்காவின் இரு கரைகளுக்கு அப்பால் கேட்கப்பட்டது. நீலத் திமிங்கிலம் பேசுவதும் இத்தகைய தாழ்ந்த சுருதியில்தான். எத்தனையோ மைல்களுக்கு அப்பாலுள்ள தன் இனத்தோடு அது தொடர்பு கொள்ளக்கூடும் என அறிஞர் கருதுவதில் வியப்பில்லை.

1956ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டுக் கூஸ்தோ கடலடியைப் படம்பிடித்து வெளியிட்டபோது அதற்கு ‘மௌன உலகம்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அழகிய பெயர், உண்மைக்கு மாறான பெயர். வெப்பநாட்டு ஆழமற்ற கடல்களில் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கினால் முதலில் கேட்பது, எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதைப் போன்ற இடைவிடாத சடசடப்பு. விரல் நீளமே உள்ள ஒருவகை இறால் தன் பெரிய கொடுக்கைச் சட்டென மூடுவதால் எழுவது அது. கொடுக்குகள் மோதுவதே ஓசை என்று முன்னர் எண்ணினர். 2000ஆம் ஆண்டில்தான் உண்மை தெரிந்தது. கொடுக்கு மூடும் விரைவில் நீர் பீறிட்டு, ஒரு குமிழ் தோன்றி, அக்கணமே நொறுங்குகிறது, அந்நொறுங்கலே வெடியோசை. இக்குமிழை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கப்பலைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வரும்.

மழைத்துளி கடல்மேல் விழும் ஓசை, காற்று வலுக்கும்போது நுரைக்கும் அலையின் ஓசை, ஓங்கில்கள் எழுப்பும் சொடுக்கொலி என இன்னும் பல உண்டு. நம் கரையோரத்தார் கீச்சான் என்றழைக்கும் மீனினத்தின் ஒரு வகை இருட்டியபின் கூட்டமாக எழுப்பும் ஒலியைக் கோவாவின் கிராண்டே தீவை ஒட்டிய கடலில் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஆய்வாளர் வருமுன்பே மீனவர் அதற்குக் கீச்சான் என்று பெயரிட்டது அது கீச்சிடுவதைக் கேட்டுத்தானோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. மொழியறிஞர் எவரேனும் தெளிவுபடுத்தினால் மகிழ்வோம்.

மீனுக்குக் காது எங்கே இருக்கிறது என்று குழந்தைகள் கேட்பர். வெளியே தெரிவதில்லை. மீனின் உடலும் நீரும் அடர்த்தியில் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஒலி அதன் உடலை ஊடுருவியே செல்கிறது. வெளிமடல் அதற்குத் தேவையில்லை. தலைக்குள்ளே சுண்ணாம்பினால் ஆன சிறு செவிக்கற்கள் உள்ளன. ஒலி வரும்போது உடல் முழுதும் நீரோடு சேர்ந்து அசைய, கனமான கல் மட்டும் சற்றுப் பிந்தி அசைகிறது. அந்தப் பிந்தல் அடியிலுள்ள நுண்மயிர்ச் செல்களை வளைக்கிறது. மூளைக்குச் செய்தி போகிறது. நம் கோயிற்குளங்களில் பொரிக்கு ஓடிவரும் கெண்டைக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பை ஒலிக்கு அதிர, அவ்வதிர்வைச் சில சிற்றெலும்புகள் சங்கிலிபோல் செவிக்குக் கடத்துகின்றன. எனவே அதன் செவி மிகக் கூரியது.

நுண்மயிர்ச் செல்கள் நம் செவியிலும் உண்டு. நமக்கு அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை, மீனுக்கு முளைக்கின்றன. எழுபதைக் கடந்து செவிக்கருவி அணிந்துகொண்டிருக்கும் நமக்கு இச்செய்தியில் சிறிது பொறாமை எழுந்ததை மறைப்பானேன்!

செவிக்கருவியைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் திருமணம் ஒன்றில், பல ஆண்டுகளாகப் பாராதிருந்த தமக்கையார் நம் அருகே வந்தமர்ந்தார். மண்டபத்தில் ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. அவர் உதடசைந்ததைக் கண்டோம். சொல் ஒன்றும் செவிக்கு எட்டவில்லை. கருவியைக் கூட்டி வைத்தால் முழக்கமும் சேர்ந்தே கூடிற்று. அவர் கண் கலங்கினார். எதற்கென்று தெரியாமலே நாம் தலையசைத்தோம். அடுத்த ஆண்டு அவர் காலமாகிவிட்டார். அன்று நம் செவிக்கு ஊறு ஒன்றும் நேரவில்லை, வலியும் இல்லை. ஓர் ஒலி மற்றோர் ஒலியை மூடிவிட்டது, அவ்வளவே. இதனை ஒலிமறைப்பு என்பர். கடலில் இரைச்சல் செய்யும் தீங்கில் பெரும்பகுதி இவ்வகையினதே. கரையில் பிணம் ஒதுங்காது. நாளேட்டில் செய்தி வராது. தாய் அழைப்பது கன்றுக்குக் கேட்காமற் போகும்.

அவ்விரைச்சலின் முதற்காரணம் கப்பலின் உந்துவிசிறி. அது விரைந்து சுழலும்போது இதழ்களின் பின்புறம் நீரழுத்தம் குறைந்து எண்ணற்ற குமிழ்கள் தோன்றி நொறுங்குகின்றன. இறாலின் கொடுக்கில் நிகழும் அதே நிகழ்ச்சிதான். இறாலுக்கு ஒரு குமிழ், கப்பலுக்கு இரவும் பகலும் குமிழ்மழை. கப்பலின் முழக்கம் தாழ்ந்த சுருதியுடையது. பெருந்திமிங்கிலங்கள் பேசுவதும் பெரும்பாலான மீன்கள் கேட்பதும் அதே எல்லைக்குள்தான். அமெரிக்காவின் கலிபோர்னியக் கரைக்கு அப்பால் சான் நிக்கோலஸ் தீவருகே 1964 முதல் 1966 வரை எடுத்த அளவுகளை 2003–2004ஆம் ஆண்டு அளவுகளோடு ஒப்பிட்டபோது, தாழ்சுருதி இரைச்சல் 10 முதல் 12 டெசிபல் கூடியிருந்தது. டெசிபல் கணக்கில் 10 கூடுதல் என்றால் ஒலியாற்றல் பத்து மடங்கு என்று பொருள்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நீருக்குள் 180 டெசிபல் என்று படித்துவிட்டு, ஜெட் விமானத்தைவிடப் பெரிது என்று எழுதிவிடுகின்றனர். காற்றுக்கும் நீருக்கும் டெசிபலின் அடிப்படை அளவே வேறு, ஊடகமும் வேறு. ஒரே செறிவுள்ள ஒலிக்கு நீரில் எண் ஏறத்தாழ 62 கூடுதலாக வரும். உயிர்களுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் கணக்கில் பிழை செய்தால், சொல்லும் உண்மையும் நம்பப்படாமற் போகும்.

கப்பல் முழக்கம் நின்றால் என்ன ஆகும் என்பதை எவரும் திட்டமிட்டுச் சோதித்துப் பார்க்க முடியாது. உலக வணிகத்தை யார் நிறுத்துவார்? ஆனால் 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் சில நாள்கள் கப்பல் போக்குவரத்து வெகுவாகக் குறைந்தது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் அப்போது இருவேறு குழுவினர் தற்செயலாகப் பணியில் இருந்தனர். ஒரு குழு நீரடி ஒலியைப் பதிவு செய்துகொண்டிருந்தது. மற்றொன்று, ரைட் திமிங்கிலம் எனப்படும் அருகிவரும் இனத்தின் மிதக்கும் சாணத்தைத் திரட்டி, அதில் மனவழுத்தச் சுரப்புநீரின் அளவைக் கண்டறிந்துகொண்டிருந்தது. விலங்கைத் தொடாமலே அதன் உடல்நிலையை அறியும் இம்முறை நமக்கு மிகவும் உவப்பானது. சாணத்தை மோப்பம் பிடிக்க நாய்களையும் படகில் பழக்கியிருந்தார்கள். இரு பதிவுகளையும் பின்னர் ஒப்பிட்டனர். இரைச்சல் 6 டெசிபல், அதாவது ஆற்றலில் நாலில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அந்நாள்களில் திமிங்கிலங்களின் மனவழுத்தச் சுரப்பும் குறைந்திருந்தது. 2012ஆம் ஆண்டு இவ்வாய்வு வெளியாயிற்று. நாம் இதுகாறும் படித்தவற்றுள் நம்மை உறங்கவிடாத செய்தி இதுவே. அவற்றின் இயல்பான நிலை என்று அதுவரை கருதப்பட்டது, ஓயாத துன்பநிலையாக இருந்திருக்கிறது.

உடனே உயிரைப் பறிக்கும் ஒலியும் உண்டு. 2000 மார்ச்சில் பஹாமாத் தீவுகளில், அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் ஒலியைப் பயன்படுத்திய வேளையில் 17 திமிங்கில இன உயிர்கள் கரையேறின. அவற்றுள் பல மடிந்தன. அடுத்த ஆண்டு வெளியான அரசு அறிக்கை சோனாரையே காரணமாகச் சுட்டியது. அலகுத் திமிங்கிலங்கள் இத்தகைய பயிற்சிகளின்போது திரும்பத் திரும்ப மடிந்த கேனரித் தீவுக் கடலில், ஸ்பெயின் அரசு 2004ஆம் ஆண்டு சோனாருக்குத் தடை விதித்தது. அதன்பின் அங்கு அத்தகைய கூட்டமரணம் ஓய்ந்தது.

இதனைப் படிக்கும் எவருக்கும் நம் மணப்பாடு நினைவுக்கு வரும். 2016 சனவரியில் தூத்துக்குடி மாவட்டக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டிக் கடலுக்குள் இழுத்துச் சென்று விட்டனர். விட்டவற்றுள் பல மீண்டும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கு மேல் இறந்தன. கப்பல் இரைச்சல்தான் காரணம் என்று அந்நாளில் பலர் பேசினர். ஆனால் 1973 சனவரியில் அதே மணப்பாட்டுக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் இடையே 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியமை ஏட்டில் பதிவாகியுள்ளது. கப்பல்கள் இத்தனை பெருகாத காலம் அது. ஒன்றையொன்று விட்டுப் பிரியாத இவ்வினம், வழி தவறிய ஒன்றின் பின்னே கூட்டமாகக் கரையேறுவது வேறு கடல்களிலும் நிகழ்வதே. பஹாமாவில் காரணம் காட்டப்பட்டது, மணப்பாட்டில் காட்டப்படவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாகாது.

செவியில்லாத உயிர்களின் நிலை என்ன? தொல்காப்பிய மரபியல் நண்டை நாலறிவு உயிருள் வைக்கிறது. ஒலியின் அழுத்தத்தைக் கேட்கும் செவி நண்டுக்கு இல்லை என்பது இன்றைய அறிவியலுக்கும் உடன்பாடே. ஆயினும் ஒலி நீரை அசைக்கும் அசைவை அது உணர்கிறது. அதனினும் சிறிய உயிர்களுக்கும் ஊறு நேர்கிறது. கடலடியில் எண்ணெய் தேடுவோர் அழுத்தக் காற்றை வெடிபோல் வெளியிட்டு அதன் எதிரொலியை ஆராய்வர். நம் காவிரிப் படுகைக் கடலிலும் அத்தகைய தேடல்கள் நடந்துள்ளன. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியக் கரையில் செய்து 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், இத்தகைய காற்றுவெடிக்குப் பின் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலும் மிதவை நுண்ணுயிர்கள் வழக்கத்தைவிட இரு மடங்கு, மும்மடங்கு மடிந்து கிடந்தன. வீர நிர்வாண நாளில் வெடி கொளுத்தாத குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

கங்கையின் ஓங்கிலையும் மறத்தலாகாது. கலங்கிய நீரில் வாழும் அதன் கண்ணில் ஒளியைக் குவிக்கும் வில்லையே இல்லை. சொடுக்கொலி எழுப்பி, எதிரொலி கேட்டே இரை தேடுகிறது. வழியறிதல், உணவு, உறவு மூன்றுக்கும் அதற்குச் செவியொன்றே கருவி. கோடையில் ஆறு வற்றிக் கலங்கள் நெருங்கி ஓடும்போது, அந்த இரைச்சலுக்கு ஈடுகொடுக்க அது கூடுதல் ஆற்றலைச் செலவிட நேர்கிறது என 2019இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டுள்ளனர்.

இனிப் பள்ளிக்கரணைக்குத் திரும்புவோம். அந்நிறுவனத்தார் நம் கரையோரக் கடல்களில் ஒலிவாங்கிகளை நீருக்குள் நங்கூரமிட்டு நிறுத்தி இயல்பொலியைப் பதிவு செய்கின்றனர். காற்றின் வேகத்தையும் மழையையும் அவ்வொலியிலிருந்தே கணிக்கலாம். கப்பல் எது, உயிர் எது எனவும் பிரித்தறியலாம். 2014 சூலையில், வடதுருவத்தை அடுத்த கோங்ஸ்ஃபியோர்டன் என்னும் கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் இந்திய ஆய்வு நிறுவனங்கள் இணைந்து ‘இண்டார்க்’ என்னும் நிலையத்தை நிறுத்தின. அங்கும் நீரடி ஒலி பதிவாகிறது. பனிப்பாறை உருகுகையில் அதனுள் அடைபட்ட பழங்காற்று குமிழாய் வெடித்து வெளியேறும் ஓசை அக்கடலின் தனித்தன்மை. தாம்பரத்து மின்சார ரயிலும் மீனம்பாக்கத்து விமானமும் சூழ்ந்த நம் புறநகரில், இத்தகைய ஓசையை உன்னிக் கேட்போர் சிலர் இருக்கின்றனர் என்பது நமக்குப் பெருமையே.

மனிதர் நீரில் எழுப்பும் ஒலி யாவும் தீதென்றும் கூறுவதற்கில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பின் இதே நிறுவனத்தார் கடலில் நிறுத்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மிதவைகளுக்கு, கடலடியில் உள்ள அழுத்தமானி செய்தி அனுப்புவது ஒலியின் வழியாகத்தான். அன்று நம் புறநகரை அடுத்த கடற்கரைக் குப்பங்கள் பட்ட பாட்டைக் கண்டவர்கள் அந்தச் சிற்றொலியை வேண்டாம் என்னமாட்டார்கள்.

கப்பலின் முழக்கமோ எவருக்கும் பயன்படாத ஒலி. எரிபொருள் வீணாவதன் அடையாளமும்கூட. விசிறியின் இதழ்களைத் திருத்தி வார்த்தால் குறையும். துப்புரவாய் வைத்தால் குறையும். வேகத்தைத் தணித்தால் பெரும்பாலான கப்பல்களில் உடனே குறையும். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2014ஆம் ஆண்டு இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டு 2023இல் திருத்தியது. அவை கட்டாயமில்லை. கனடாவின் வான்கூவர் துறைமுகத்தார் 2017 முதல் ஓர்க்கா திமிங்கிலங்கள் வாழும் நீரிணையில் வேகத்தைக் குறைக்குமாறு கப்பல்களை வேண்டிக்கொள்ள, பெரும்பாலோர் தாமே இசைந்தனர், இரைச்சலும் குறைந்தது. சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் வந்திறங்கும் சரக்கில் நம் சமையல் எண்ணெயும் பருப்பும் கைப்பேசியும் உண்டு. நிலுவை எதுவும் இல்லை என்று முன்னர் எண்ணியிருந்தோம் அல்லவா, அது இவ்வழியில் வந்து சேர்கிறது. ஒரு வாரம் பிந்தி வந்தாலும் கெடாத பொருள்களே அவற்றுள் மிகுதி.

சென்ற கோடை விடுமுறையில் ஞாயிறுப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் எழுவருக்கு இதனை ஒரு சோதனையாக நடத்திக் காட்டினோம். பெற்றோர் வீட்டிலும் செய்யலாம். இரண்டு முழ நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, அம்முனையை வீட்டின் கீழ்த்தொட்டி நீரில் இறக்கினோம். பெரியவர் ஒருவர் மேலிருந்தே தொட்டியின் மறுபக்க நீருக்குள் இரண்டு கரண்டிகளைத் தட்ட, பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் குழாயில் காது வைத்து எண்ணினர். ஐந்து, எட்டு, மூன்று என்று எல்லாரும் சரியாகவே சொன்னார்கள். அவ்வேளையில் மாடியிலிருந்த எவரோ மேல்தொட்டியை நிரப்ப மோட்டாரைப் போட்டுவிட்டார். குழாயில் காது வைத்திருந்த ஒன்பது வயதுச் சிறுமி முகம் சுளித்து, ஏன் தட்டுவதை நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டாள். கரண்டி தட்டிக்கொண்டுதான் இருந்தது.